பேஸ் கிட்டாரின் டோன் குமிழ்: கெப்பாசிட்டரை மாற்றினால் போதுமா?

கேள்வி: வணக்கம். என் ஜாஸ் பேஸில் (ஃபெண்டரின் பேஸ் கிட்டார் வகை) டோன் குமிழைக் குறைத்தால் ஒலி மங்குகிறதே தவிர அடிநாதம் கூடவில்லை. ப்ரீஆம்ப் (சிக்னலை வலுப்படுத்தும் சிறு மின்சுற்று) பொருத்துவதுதான் வழியா?

பதில்: நண்பரே, அந்தக் குமிழ் எதையும் கூட்டாது, அதன் அடியிலுள்ள 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை (மாற்றத்தக்க மின்தடையை) குறைக்கக் குறைக்க, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உயர் அதிர்வெண்களை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. அதற்குப் பதிலாக 0.022 வைத்தால், குமிழை முழுதும் குறைத்தாலும் நடுப்பகுதியின் தெளிவு ஓரளவு எஞ்சும். செலவு மிகக் குறைவு என்பதால் முதலில் இதையே செய்து பாருங்கள்.

பதில்: அடிநாதத்தை உண்மையிலேயே உயர்த்த 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் வேண்டும், 1976இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரின் தனித்தன்மையே அதுதான். பேட்டரி தீர்ந்தாலும் வாசிப்பு நிற்காதபடி, ப்ரீஆம்பைத் தவிர்த்துச் செல்லும் சுவிட்ச் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோ ஜாக்கும் (கேபிள் செருகும் துளை) அவசியம். அது இருந்தால், கேபிளைக் கழற்றியதும் பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்படும்.

கேட்டவர்: மிக்க நன்றி. 0.022 கெப்பாசிட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.