விண்டோஸ் எக்ஸ்பியில் பக்கம் வெறும் வெள்ளையாக வருகிறது, உதவி தேவை

இடம் திருகோணமலை, உவர்மலை. ஸ்கேனருக்கு எக்ஸ்பி டிரைவர் மட்டுமே இருப்பதால் கம்ப்யூட்டரை மாற்ற வழியில்லை. சர்வீஸ் பேக் 3, ரேம் 1 ஜிபி, பயர்பொக்ஸ் 52.9. எக்ஸ்பிக்கு 2018இல் வந்த கடைசிப் பதிப்பு அதுதான்.

இரண்டு கிழமையாக ஒரு விண்ணப்பப் படிவப் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. அதே வைஃபையில் போனில் திறக்கிறது. கம்ப்யூட்டரில் திகதி சரி. கேச் அழித்து, ஷிஃப்டை அழுத்தியபடி சேஃப் மோடில் திறந்து, புது ப்ரொபைலும் போட்டாயிற்று, மாற்றமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பிழைப் பட்டியலில் சின்டாக்ஸ் எரர் (நிரலை வாசிக்க முடியாத பிழை) வருகிறது. அது காட்டும் இடத்தில், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில், கேள்விக்குறியும் புள்ளியும் ஒட்டிய குறி. பயர்பொக்ஸுக்கு அது 74ஆம் பதிப்பிலிருந்துதான் விளங்கும், ஆகவே செட்டிங்கை மாற்றித் தீராது.

1 ஜிபி ரேமில் எக்ஸ்பியில் ஓடும் மைபால் 68 பிரவுசரைப் பாவிப்பவர்கள் சொல்லுங்கள்: இந்தக் குறி உள்ள பக்கங்கள் அதில் முழுதாகத் திறக்கின்றனவா?