ஜாமீன் தர அதிகாரமில்லை என்கிறார் இமிக்ரேஷன் நீதிபதி: ஆட்கொணர்வு மனு எங்கே, எப்படிப் போடுவது?

கீழக்கரை_காற்று:
ஆள் இலங்கைத் தமிழர். 2023-ல் மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார். எல்லைக் காவல் பிடித்து, ஐ-220ஏ என்ற விடுதலைக் காகிதம் கொடுத்து வெளியே விட்டது. அசைலம், அதாவது அடைக்கலம் கேட்கும் விண்ணப்பம் (ஐ-589) நிலுவையில் இருக்கிறது. குற்ற வழக்கு கிடையாது, செக்-இன் (அதிகாரிகள் முன் நேரில் ஆஜராவது) ஒன்றுகூடத் தவறவில்லை. போன வாரம் செக்-இன் போன இடத்திலேயே ஐசிஇ (குடியேற்ற அமலாக்கத் துறை) பிடித்துவிட்டது. இப்போது நியூ ஜெர்சியில் ஒரு தடுப்பு மையத்தில் இருக்கிறார். ஜாமீன் கேட்டால், "எனக்கு அதிகாரம் இல்லை" என்று நீதிபதி ஒரே வரியில் முடித்துவிட்டார். ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்கிறார்கள். ஆறு மாதம் உள்ளே இருந்த பிறகுதான் அது செல்லும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

மருதநிலம்:
ஆறு மாதக் கணக்கு இவருக்குப் பொருந்தாது.

முதலில், நீதிபதி ஏன் கைவிரித்தார் என்பது. 2025 செப்டம்பரில் யஹூரே உர்தாடோ வழக்கில் இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் ஒரு முடிவு சொன்னது: சோதனைச் சாவடி வழியாக வராமல் உள்ளே நுழைந்தவர், எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்திருந்தாலும், குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 1225(பி)(2)-ன் கீழ் கட்டாயக் காவலில் இருப்பவர், ஜாமீன் விசாரணையே கிடையாது. அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாக இப்படிப்பட்டவர்களைப் பிரிவு 1226(ஏ)-ல்தான் வைத்தார்கள். அதில் குறைந்தபட்ச ஜாமீன் 1,500 டாலர். இமிக்ரேஷன் நீதிபதி நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர், வாரியம் சொன்னதை மீற முடியாது. ஃபெடரல் மாவட்ட நீதிபதிக்கு அந்தக் கட்டு இல்லை. சட்டத்தை அவரே படித்துப் பொருள் சொல்வார். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தீர்ப்புகள் வாரியத்தின் வாசிப்பைத் தள்ளியிருக்கின்றன.

மனு 28 யு.எஸ்.சி. (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு) பிரிவு 2241-ன் கீழ். கட்டணம் வெறும் 5 டாலர். வக்கீல் இல்லாதவர்களுக்கு ஏஓ 242 என்ற படிவம் இருக்கிறது. செலவெல்லாம் வக்கீலுக்குத்தான்.

ஊரில் ஆட்கொணர்வு மனு என்றால் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று நினைப்போம். இங்கே சட்டக் கேள்வி மட்டும் என்றால் பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும். அரசு மூன்று நாளில், மிஞ்சினால் 20 நாளில் பதில் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதை நீதிபதிதான் தீர்மானிக்கிறார். அவசர மனு கூடவே போகாவிட்டால் இழுக்கும்.

நெய்தல்_2:
மருதநிலம் சொல்லாமல் விட்ட ஒன்றைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும்: இன்றே போடுங்கள். மனு பதிவாகும் நேரத்தில் ஆள் எந்த மாவட்டத்தில் அடைபட்டிருக்கிறாரோ, அந்த மாவட்டக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் (படியா வழக்கு, 2004). உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் இதையே மறுபடி சொன்னது. பதிவான பிறகு வேறு மாநிலத்துக்கு மாற்றினாலும் வழக்கு இங்கேயே நிற்கும். 1944-ல் எண்டோ வழக்கு தந்த பாதுகாப்பு அது. ஆனால் மனு போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டெக்சாசுக்கோ லூசியானாவுக்கோ விமானம் ஏற்றிவிட்டால், அங்கே போய்த்தான் போடவேண்டும். அது ஐந்தாவது சர்க்யூட் என்ற மேல்முறையீட்டுக் கோர்ட்டின் கீழ் வருவது. 2026 பிப்ரவரியில் அந்தக் கோர்ட் அரசின் வாசிப்பை ஏற்றுக்கொண்டது. அங்கே அரசமைப்பின் ஐந்தாம் திருத்த வாதத்தை (உரிய சட்ட நடைமுறை இல்லாமல் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்பது) மட்டும் நம்பிப் போராட வேண்டியிருக்கும்.

ஐசிஇ-யின் தேடல் தளத்தை (ஏ-நம்பர் என்ற ஒன்பது இலக்கக் குடியேற்றக் கோப்பு எண், பிறந்த நாடு) மட்டும் நம்பாதீர்கள், அது பின்தங்கி ஓடும். அவர் போன் பண்ணும்போது எந்தக் கட்டடம் என்று கேட்டு, நேரத்தோடு குறித்துவையுங்கள். எதிர்மனுதாரர் பட்டியலில் அந்த மையத்தின் பொறுப்பாளரான வார்டன் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். அமைச்சரை மட்டும் சேர்த்துவிட்டு வார்டனை விட்டால் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். மனுவோடு, "மாவட்டத்தை விட்டு நகர்த்தக்கூடாது" என்ற தற்காலிகத் தடை உத்தரவும் கேளுங்கள்.

காகிதங்களில் அந்த ஐ-220ஏ தங்கம் மாதிரி. "சொந்தப் பிணையில் விடுதலை" உத்தரவு அது, 1226-ன் கீழ் மட்டுமே தரப்படுவது. 2023-ல் 1226 என்று எழுதி விட்டுவிட்டு இப்போது 1225 என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் முதல் வாதம். அதோடு நோட்டீஸ் டு அப்பியர் (ஐ-862, நாடுகடத்தல் வழக்கைத் தொடங்கும் அறிவிப்பு), வாரண்ட் (ஐ-200), காவல் முடிவு அறிவிப்பு (ஐ-286) ஆகியவையும் வேண்டும். ஐ-862-ல் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது என்று பாருங்கள். "அனுமதியின்றி உள்ளே இருப்பவர்" என்பதும் "வந்து சேர்பவர்" என்பதும் வேறுவேறு. இரண்டாவதில் டிக் இருந்தால் வாதம் கடினம். செக்-இன் தவறவில்லை என்பதற்கான ரசீதுகளும் வேண்டும். நிலைமை எதுவும் மாறாமல் மறுபடி பிடித்தது ஏன் என்பது இரண்டாவது வாதம்.

பாலைமணல்:
ஆறு மாதம் பற்றி: அது சாத்விதாஸ் வழக்கு (2001). நாடுகடத்தல் உத்தரவு இறுதியாகி, எந்த நாடும் ஏற்காமல் உள்ளே கிடப்பவர்களுக்கு. இவருக்கு இறுதி உத்தரவே இல்லை. இறுதி உத்தரவு இருப்பவர் மூன்றாம் மாதத்திலேயே போட்டால் "காலம் கனியவில்லை" என்று பெரும்பாலும் தள்ளுபடி ஆகும். பயண ஆவணப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் அரசுக்கான கால எல்லையும் நீண்டுகொண்டே போகும். பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, கோரிக்கைப் பத்தி. 2020-ல் துரைசிங்கம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அவரும் இலங்கைத் தமிழர், எல்லையிலிருந்து 25 கஜத்துக்குள் பிடிபட்டவர். அவர் கேட்டது விடுதலை அல்ல, அசைலத்துக்கு மறு வாய்ப்பு. ஆட்கொணர்வு மனு காவலிலிருந்து விடுவிப்பதற்கு, அதற்கு அல்ல என்றது கோர்ட். ஆகவே அசைலக் கதையை மனுவில் கொட்டாதீர்கள். "உடனே விடுதலை செய்; இல்லையேல் ஏழு நாளுக்குள் 1226(ஏ)-ன் கீழ் ஜாமீன் விசாரணை நடத்து, நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது" என்று கேளுங்கள். மனு ஜெயித்தாலும் அசைலம் வழக்கு அப்படியே ஓடும், அந்த விசாரணைத் தேதிகளை விட்டுவிடக்கூடாது.

கீழக்கரை_காற்று:
நன்றி. அவரிடம் கையெழுத்து வாங்க நேரமில்லாவிட்டால்?

நெய்தல்_2:
அவர் சார்பில் வேறொருவர் கையெழுத்திடலாம், அதே சட்டத்தின் பிரிவு 2242 அதை அனுமதிக்கிறது. ஏன் அவரால் முடியவில்லை என்பதை மனுவிலேயே ஒரு பத்தியில் எழுதவேண்டும். ஆனால் வக்கீல் அல்லாதவர் அடுத்தவருக்காக வழக்கு நடத்த முடியாது. மனைவி, அண்ணன் என்று யார் போட்டாலும் வக்கீல் வரவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். வக்கீல் என்றால் மின்வழியில் இரவு பதினோரு மணிக்கும் பதிவு செய்யலாம். இமிக்ரேஷன் வக்கீல் எல்லோருக்கும் ஃபெடரல் கோர்ட் பழக்கம் இருக்காது, "நியூ ஜெர்சி மாவட்டக் கோர்ட்டில் வழக்காடப் பதிவு உண்டா, 2241 மனு போட்டிருக்கிறீர்களா" என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மருதநிலம்:
ஜாமீன் கிடைத்த அன்றே, மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்று அரசு ஈஓஐஆர்-43 என்ற படிவம் போட்டால் ஜாமீன் தானாகவே நின்றுபோகும். அப்படி நடந்தால் பதறவேண்டாம், அதே மாவட்ட நீதிபதியிடம் உடனே திரும்பிப் போங்கள். இந்தத் தானியங்கித் தடை செல்லாது என்று பல நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.