மாணவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசலாமா?

கணக்கு டீச்சர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு மாணவி படம் அனுப்பினாள். நோட்டு மடங்காமல் இருக்க ஓரத்தில் ஒரு டம்ளர். இருபடிச் சமன்பாடு, இரண்டாவது வரியில் மைனஸ் குறியை விட்டிருந்தாள். "விடை வரவே மாட்டேங்குது டீச்சர்." அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். வகுப்பில் அவள் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. வகுப்புக்கே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

இரு பெண்களின் அப்பா:
வேண்டாம் டீச்சர். குழுவில் இருக்கிற எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். என் மூத்தவள் வகுப்பில் இப்படி ஒரு குழு இருந்தது. அதிலிருந்து எண்ணை எடுத்த ஒரு பையன் நேரம் காலம் இல்லாமல் மெசேஜ் அனுப்பினான். எங்களிடம் சொல்ல அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை போன் அதிர்ந்தாலே முகம் வெளுத்துப் போகும். எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. கடைசியில் எண்ணையே மாற்றினோம்.

கல்லூரி மூன்றாம் ஆண்டு:
சார், உங்கள் மகளுக்கு நடந்தது கொடுமை. ஆனால் என் கதை வேறு. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது நான் ஒன்பதாவது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. பார்க்கலாம், கேள்வி கேட்க முடியாது. எங்கள் அறிவியல் சார் குரல் பதிவில் பதில் அனுப்புவார். பின்னால் அவர் வீட்டு மாடு கத்துவதுகூடக் கேட்கும். நான் படிப்பை விடாததற்கு அந்தக் குரல்தான் காரணம்.

இரு பெண்களின் அப்பா:
அது வேறு வழியில்லாத காலம்மா. இப்போது பள்ளி திறந்திருக்கிறது. அந்தப் பெண் வகுப்பில் ஏன் வாய் திறக்கவில்லை? தப்பாகக் கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயமாக இருந்தால், அதை வகுப்பறையில்தான் போக்க வேண்டும். ராத்திரியில் தனியாக மெசேஜ் போவது டீச்சருக்கும் நல்லதில்லை. நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப் சேனல் வைக்கலாம். 2023-இல் வந்த வசதி. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. பெற்றோர் எண்களிலேயே சேரச் சொல்லுங்கள். அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது ஆகாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எதற்கும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கணக்கு டீச்சர்:
ஐயா, சேனலில் நான் சொல்லலாம், அவர்கள் சந்தேகம் கேட்க முடியாதே. எனக்கு வேண்டியது அந்தச் சிவப்பு வட்டம். அப்புறம், அந்தப் போன் அவள் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வர ஒன்பது ஆகிவிடும். அதனால்தான் அந்த நேரம்.
சார், நீங்கள் எண்ணைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். குழு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, வகுப்பிலேயே பார்ப்போம் என்று இன்று மணி அடிக்க அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தேன். நாலு பேர் நோட்டோடு வந்தார்கள். அவள் வரவில்லை. அவள் ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸே மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் வருகிறது.

இரு பெண்களின் அப்பா:
அப்படியானால் அவள் அப்பாவிடம் ஒரு தடவை நேரில் பேசிவிடுங்கள் டீச்சர். அவருக்குத் தெரிந்து அனுப்பட்டும்.