ஐலண்ட் பீக்: உச்சிக்கு முன்னால திரும்பின கதை

உவர்மலைக்காரன்:

எல்லாரும் முதல் கேக்கிறது "உச்சிக்குப் போனியா?" எண்டுதான். இல்லை. மலை 6,189 மீற்றர், நான் திரும்பின இடம் ஏறத்தாழ 5,800. கடைசி வரைக்கும் வாசிச்சுப்போட்டு ஏமாத்திட்டான் எண்டு ஏசக்கூடாது, அதான் முதலே சொல்லுறன்.

நேபாளத்தில, எவரெஸ்ட் பக்கம் போற பாதையில இருந்து கொஞ்சம் விலகி நிக்கிற மலை. உள்ளூர்ப் பேர் இம்ஜா ட்சே. 1953ல எவரெஸ்ட் ஏறப் போன பிரித்தானியக் குழுவில சில பேர் பயிற்சிக்கு ஏறினதும் இதிலதான். அனுமதிப் பத்திரம், வழிகாட்டி, கயிறு எல்லாம் சேர்த்துக் காத்மண்டுவில ஒரு கம்பனி ஒழுங்கு செய்து தந்தது. குழுவில ஆறு பேர், தமிழன் நான் மட்டும்.

திருகோணமலையில இருந்துகொண்டு இமயத்துக்கு என்னத்தைப் பழகிறது? கடல் மட்டத்தில சீவிக்கிற சனம். விடியக் காலமை தண்ணிப் போத்தல் நிரப்பின பையோட கோட்டை வாசலால ஏறிக் கோணேசர் கோயில் வரைக்கும் போய் வருவன், நாலு தரம், அஞ்சு தரம். மான்கள்கூடப் பழகிட்டுது. ஜுமார் எண்டு கயிற்றில கவ்விக்கொண்டு மேல மட்டும் வழுக்கிற ஒரு கைபிடி இருக்கு. அதுக்கு வீட்டு வேம்பில மீன்பிடிக் கயிறு கட்டினன். பக்கத்து வீட்டு ஐயா மதிலால எட்டிப் பாத்து, "தம்பி, ஊஞ்சலோ?" எண்டு கேட்டார்.

எங்கட வழிகாட்டி ஒரு ஷெர்பா. மலேசியாவில நாலு வருஷம் தொழிற்சாலையில நிண்டவர். கூட வேலை செய்த தமிழாக்களிட்டப் பிடிச்சு வச்சிருந்த ஒரே சொல் "சாப்டியா?" லுக்லாவில பிளேனால இறங்கினதில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதையே கேட்டார். நான் அதைப் பகிடி எண்டு நினைச்சன்.

நாம்சே 3,440 மீற்றர். எங்கட பீதுருதாலகாலை 2,524தான். நாட்டின்ர உச்சியையும் தாண்டி 900 மீற்றர் மேல, அங்க பேக்கரி போட்டுக் கேக் விக்கிறாங்கள். அதுவரைக்கும் நான்தான் முன்னுக்கு நடந்தன். வழிகாட்டி பின்னால நிண்டு "பிஸ்தாரே, பிஸ்தாரே" எண்டு கத்துவார். மெல்ல, மெல்ல எண்டு அர்த்தம். நான் கேக்கேல்ல.

டிங்போசேயில, 4,410 மீற்றரில, பின்மண்டைக்குள்ள உரல் இடிக்கத் தொடங்கிச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னா நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்ட பயம். இரவு சோறும் பருப்பும் வந்தது. நாலு வாய்க்கு மேல இறங்கேல்ல. மிச்சச் சோத்தை ஒதுக்கி, மேல அப்பளத்தை வச்சு மூடிப்போட்டு இருந்தன். அவர் வந்தார். "சாப்டியா?" "ஓம்." கரண்டி நுனியால அப்பளத்தை மெதுவா நிமித்திப் பாத்தார். ஒண்டும் கதைக்கேல்ல. ரத்தத்தில ஒக்சிசன் எத்தினை வீதம் எண்டு பாக்கிற கிளிப்பை விரலில மாட்டினார். 76.

அடுத்த நாள் மற்ற அஞ்சு பேரும் துணை வழிகாட்டியோட மேல போனாங்கள். நான் அங்கயே படுத்திருந்தன். 3,000 மீற்றருக்கு மேல போனா, படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல கூட்டக்கூடாது, மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே இடத்தில தங்கவேணும் எண்டு எனக்கு மனப்பாடம். ஆனா எனக்கும் அந்தக் கணக்குக்கும் ஏதோ சம்பந்தமில்லாத மாதிரித்தான் நடந்தனான்.

தலையிடி விட்டிட்டுது. மேலதிகமா வச்சிருந்த ஒரு நாள் கைகொடுத்தது. அடிவார முகாமில இருந்து இரவு ஒரு மணிக்குத் தலை லைற்றோட வெளிக்கிட்டம். கல்லுப் பாதை முடிஞ்சு பனி தொடங்கிற இடத்தில கிராம்பன் பூட்டவேணும். சப்பாத்துக்கு அடியில மாட்டுற இரும்புப் பல்லு. சப்பாத்து ஒரு கடையில, கிராம்பன் இன்னொரு கடையில வாடகைக்கு எடுத்தது. அறையில மாட்டிப் பாத்தன், "க்ளிக்" எண்டது, அவ்வளவுதான். நடந்து பாக்கேல்ல. சப்பாத்தின்ர முன்விளிம்பு தேஞ்சு போனது எண்டு பனியில நாப்பது அடி நடந்த பிறகுதான் விளங்கிச்சு. இடது கால் கழண்டது. இறுக்கினார். திரும்பக் கழண்டது. மூண்டாம் தரம் அவர் செங்குத்தா நிண்ட பனிச் சுவரைப் பாத்தார், என்ர காலைப் பாத்தார், கீழ கை காட்டினார்.

"டேப் சுத்துவம்" எண்டன்.

"ஏறலாம். இறங்கேலாது."

பக்கத்து லோட்சே மலையின்ர சுவரில அப்பதான் வெயில் படுது. கீழ இம்ஜா ஏரி உறைஞ்சு கிடக்கு. ஒரு படம்கூட எடுக்காமத் திரும்பினன். சரியான கோவம். இப்ப நினைச்சா அதுக்குத்தான் வெக்கமாக் கிடக்கு.

நிலாவெளி அக்கா:

தம்பி, அந்த அப்பளக் கதையை வாசிச்சு சிரிச்சுக் கண்ணில தண்ணி வந்திட்டுது. நான் போனது எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு மட்டும்தான், 5,364 மீற்றர், 52 வயசில. எனக்கு மலையை விட மனசில நிண்டது ஒரு சுமைகாரப் பெடியன். நெத்தியில பட்டி போட்டு முதுகில கூடை சுமந்து வந்தவன். களைச்சா இருக்கிறேல்ல. கையில 'T' மாதிரி ஒரு கட்டைத் தடி, தோக்மா எண்டுறது, அதைக் கூடைக்கு அடியில முட்டுக் குடுத்து நிண்டபடியே மூச்சு வாங்குவான். கம்பனியிட்ட ஒரு சுமைகாரருக்கு எத்தினை கிலோ எண்டு முதலே கேளுங்கோ. நான் கேக்காமப் போனன். என்ர பையில ரெண்டு போத்தல் தேங்காய் எண்ணெயும் கிடந்தது, வெக்கம்.

மாட்டுக் கூட்டம் வந்தா மலைப் பக்கமா ஒதுங்குங்கோ, பள்ளப் பக்கம் நிக்காதேங்கோ. மந்திரம் செதுக்கின கல்லு வரிசை வந்தா அது வலக்கைப் பக்கம் இருக்க நடக்கவேணும். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவைப்படேல்ல, கோயில் சுத்துற சனம்தானே.

சீனக்குடாத் தம்பி:

அண்ணை, நான் புறாத்தீவுப் பக்கம் சுழியோடுறனான். மூச்சுப் பிடிக்கிற பழக்கம் அங்க உதவுமோ? வாற வருஷம் போக யோசிக்கிறன்.

உவர்மலைக்காரன்:

உதவாது. தண்ணிக்குள்ள காது நொந்து உடனே சொல்லும். மலை ஆறேழு மணித்தியாலம் கழிச்சு, நீ படுத்த பிறகுதான் சொல்லும். காப்புறுதி எடுக்கேக்க எத்தினை மீற்றர் வரைக்கும், ஹெலிகொப்டர் சேருமோ எண்டு சின்ன எழுத்தை வாசி. சப்பாத்தையும் கிராம்பனையும் ஒரே கடையில எடு, மாட்டிக்கொண்டு கடைப் படியில ஏறி இறங்கு, கடைக்காரன் முறைச்சாலும் பரவாயில்லை.

வேம்பில கயிறு இன்னும் தொங்குது. ஞாயிறு காலமை வா, தடிச்ச கையுறை இருந்தா கொண்டு வா. ஐயாவுக்கு ஊஞ்சல் எண்டே சொல்லி வச்சிருக்கிறன்.