தாய்ப்பால் துண்டறிக்கை: அச்சுக்கு முன் ஒப்புதல் யாரிடம் வாங்குவது?

வைகைக்கரை:
ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம். எங்கள் அறக்கட்டளை சார்பில் ஏ5 அளவில் 3,000 துண்டறிக்கை அடிக்கப் போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி இரண்டிலும் கொடுக்க வேண்டும். அச்சுச் செலவு ஊரில் உள்ள மெடிக்கல் ஷாப்புடையது, பின்பக்கம் அவர்கள் விளம்பரம் வரும். யாரிடம் ஒப்புதல் வாங்குவது, என்னென்ன கொடுப்பது?

செம்பருத்தி:
இரண்டும் வேறு வேறு துறை, ஒரு கடிதத்தில் முடியாது. சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு துணை இயக்குநர் என்றிருந்த பதவி). அங்கன்வாடிக்கு ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்) மாவட்டத் திட்ட அலுவலர். வட்டார மருத்துவ அலுவலர் வாய்மொழியாகச் "சரி" என்றால் அதை நம்பி அச்சடிக்க வேண்டாம்.

கடிதத்தோடு துண்டறிக்கையின் கலர் பிரிண்ட் 2, அறக்கட்டளைப் பதிவுச் சான்று நகல், எந்தெந்த நிலையம், எத்தனை பிரதி, செலவு யாருடையது என்ற விவரம் இருக்கட்டும். தமிழ்நாடு அரசு முத்திரையையும் என்எச்எம் (தேசிய சுகாதார இயக்கம்) லோகோவையும் நீங்களாகவே போட்டு எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் எழுத்தில் அனுமதித்தால் பிறகு சேர்க்கலாம். ஜூலைக் கடைசியில் போய் நின்றால் கிடைக்காது, ஜூன் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

நீலகண்டப்பறவை:
அந்தப் பின்பக்க விளம்பரம்தான் பெரிய சிக்கல். 1992 குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம் (2003 திருத்தத்தோடு) பால்பவுடர், பால்புட்டி, 2 வயது வரைக்கான டின் உணவு எதற்கும் விளம்பரம் கூடாது என்கிறது. கடை வெறும் பெயரை மட்டும் போட்டாலும், அங்கே பால்பவுடரும் விற்கும்போது எந்த அலுவலரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். வேறு நன்கொடையாளரைப் பாருங்கள்.

அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, இப்படிப்பட்ட விளக்க அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது. தாய்ப்பாலின் நன்மையை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது இவைதான்: இடையிடையே புட்டிப்பால் கொடுப்பதால் தாய்ப்பாலுக்கு வரும் கெடுதல், பவுடருக்குப் போன பின் தாய்ப்பாலுக்குத் திரும்புவதில் உள்ள சிரமம், பவுடருக்கும் புட்டிக்கும் ஆகும் செலவு, பவுடரைத் தப்பாகக் கலப்பதால் வரும் ஆபத்து, அச்சிட்ட தேதி, அச்சகம் மற்றும் வெளியிட்டவர் பெயர். இவ்வளவும் ஏ5 ஒரு பக்கத்தில் அடங்காது. பின்பக்கம் காலியானது நல்லதுக்குத்தான்.

மணல்மேடு:
வாசகத்தில் கவனியுங்கள். "6ஆவது மாதத்தில் இணை உணவு" என்று போட்டால் 5 மாதம் முடிந்ததுமே கூழ் ஊட்டத் தொடங்கிவிடுவார்கள். "6 மாதம் (180 நாள்) முடிந்த பிறகு" என்றே இருக்கட்டும். "தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது" என்பதும் அரைகுறை, டாக்டர் எழுதிய சொட்டு மருந்தையும் நிறுத்திவிடும் வீடு உண்டு. "தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், டாக்டர் சொன்ன மருந்து மட்டும் கொடுக்கலாம்" என்று எழுதுங்கள். சேனை வைப்பதை (பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதை) பெயர் சொல்லியே எழுத வேண்டும், "பிற திரவங்கள்" என்றால் யாருக்கும் அது நினைவுக்கு வராது.

பால்புட்டிப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் கண்ணில் புட்டிதான் படும், குறி படாது. படமே வேண்டாம். 10 தாய்மாரிடம் மாதிரியைக் கொடுத்து, "புரிந்ததா?" என்று கேட்காமல், "உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் குறிப்பையும் விண்ணப்பத்தோடு இணைத்தால் கேள்வி குறையும்.

வைகைக்கரை:
ஏ4 மடிப்பாக மாற்றிவிடுகிறோம். ஒப்புதலுக்குப் பிறகு ஒரு வரி திருத்தலாமா?

செம்பருத்தி:
கூடாது, எழுத்துப்பிழையாக இருந்தாலும் திருத்திய பக்கத்தைக் காட்டி மறுபடி முத்திரை வாங்குங்கள். அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது எழுத்துருவைக் கர்வ்ஸாக (எழுத்துகளைப் படம் போன்ற கோட்டு வடிவமாக) மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் அங்கே ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிப்போகும், ஒப்புதல் வாங்கிய பிரதி ஒன்று, கையில் வந்தது வேறொன்று என்றாகிவிடும். 3,000 ஓடுவதற்கு முன் முதல் தாளை முத்திரையிட்ட பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.