ஒரு பக்கம் மட்டும் விழுந்த கிளிக்: டிராவல் சிஸ்டம் அனுபவங்கள்

சக்கரக்கால்:

டிராவல் சிஸ்டம்னா, குழந்தையோட கார் சீட்டைக் கழட்டி, அடாப்டர்ங்கிற இணைப்புத் துண்டு ரெண்டு வழியா ஸ்ட்ரோலர் (தள்ளுவண்டி) மேலயே மாட்டிக்கிற செட். நடைபாதை விளிம்பிலிருந்து ஒருத்தங்க ஸ்ட்ரோலரைக் கீழே இறக்குறாங்க. மேலே இருந்த கார் சீட்டோட இடப்பக்கம் மட்டும் ரெண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நிக்குது. அதுவரைக்கும் வலப்பக்க அடாப்டர் மட்டும்தான் சீட்டைப் பிடிச்சிட்டிருந்திருக்கு. குழந்தை ஹார்னஸில் (உடம்பைக் கட்டுற வார்) இருந்ததால விழலை. அந்த ரெண்டு விரல் இடைவெளி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

சீட்டைக் கழட்டிப் பார்த்ததும் காரணம் தெரிஞ்சுபோச்சு. போர்வை நுனி இடப்பக்க அடாப்டர் குழிக்குள்ள மடிஞ்சு கிடந்தது. கொக்கி துணி மேல உக்காந்திருக்கு, உள்ளே இறங்கவே இல்லை. வலப்பக்கம் கிளிக்னு கேட்டதும் ரெண்டும் மாட்டிருச்சுன்னு நினைச்சுட்டாங்க. சத்தம் ஒண்ணு கேட்டா ஒரு கொக்கி விழுந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

இன்னொண்ணு. அடாப்டர் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா பெரும்பாலான மாடல்களில் இடது வேற, வலது வேற. பிளாஸ்டிக்கோட உள்பக்கம் எழுத்து பொறிச்சிருக்கும். மாத்திச் சொருகினா சிலது உள்ளயே போகாது, சிலது பாதி போய் நின்னுடும். பாதியில் நிக்கிறதுதான் ஆபத்து, மாட்டின மாதிரியே தெரியும்.

சீட்டை வெச்சதும் கைப்பிடியைப் பிடிச்சு நேரா மேலே இழுங்க, ஃபிரேமும் கூடவே எழும்பணும். அப்புறம் இடப்பக்கம் தனியா, வலப்பக்கம் தனியா ஒரு இழு. மொத்தமே அஞ்சு விநாடி வேலை. நீங்க பார்த்ததையும் எழுதுங்க.

ஊன்றுகோல்:

காரில் பொருத்தி, அதன் மேல் சீட்டை மாட்டும் அடித்தட்டுதான் பேஸ். அந்தப் பேஸில் எல்லா அடையாளமும் பச்சை. கார் இருக்கையின் கம்பிகளைப் பிடிக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டும் பச்சை, முன்னால் தரையில் ஊன்றும் கால் பச்சை, சீட் மாட்டிய இடமும் பச்சை. காலுக்கடியில் இருந்த மிதியடியை விலக்கித் தரையைத் தட்டியபோது உள்ளே காலியான டொக் சத்தம். கால் நின்றிருந்தது காரின் தரைக்கு அடியில் உள்ள பொருள்பெட்டியின் மூடி மீது.

பச்சை அடையாளம் சொல்வது, கால் எதன் மீதோ அழுந்தியிருக்கிறது என்பதை மட்டுமே. அந்த எதுவோ பலமானதா என்று அதற்குத் தெரியாது. மோதலின்போது சீட் முன்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அந்த விசையைத் தரைக்கு இறக்குவதுதான் இந்தக் காலின் வேலை. மெல்லிய பிளாஸ்டிக் மூடி அதைத் தாங்காமல் உடைந்தால் கால் குழிக்குள் இறங்கும், சீட்டும் கூடவே சாயும்.

எல்லாப் பெட்டி மூடியும் ஆகாது என்று சொல்லவில்லை. சில கார் நிறுவனங்கள் மூடியை வலுவாகவே செய்கின்றன. சில, பெட்டியை நிரப்ப அதே அளவில் தனித் துண்டு தருகின்றன. காரின் கையேடு, சீட்டின் கையேடு இரண்டும் அனுமதித்தால் மட்டும் அங்கே ஊன்றலாம். காரில் இருக்கும் துணி, புத்தகம் போட்டு நிரப்பிவிட்டு அதன் மீது ஊன்றக் கூடாது. அனுமதி இல்லையென்றால் வேறு இருக்கைக்கு மாற்றுங்கள், அல்லது கால் இல்லாமல் கார் பெல்ட்டால் மட்டும் கட்ட இடம் தரும் சீட்டை எடுங்கள்.

தொட்டில்மணி:

எனக்கு உறுத்துவது வேறு. கடைகள் வரிசையில் ஒரு ஸ்ட்ரோலர், அதன் மீது கார் சீட், மேலே மெல்லிய துணி. துணி காற்றில் விலகியபோது குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. பிறந்து சில வாரங்களே இருக்கும். கழுத்துமடிப்பே தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னதும் உடனே தூக்கினார். காரில் தூங்கிப்போனதால் எழுப்பாமல் அப்படியே மாட்டிக்கொண்டு வந்தாராம், மூன்று மணி நேரமாக.

இந்த வயதில் தலை பெரிது, கழுத்துத் தசைக்குப் பலம் கிடையாது. தலை முன்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் மடிந்து குறுகிவிடும். சத்தமே இருக்காது, அழவும் முடியாது. காரில் சீட்டின் சாய்வை, அதன் பக்கவாட்டில் உள்ள அளவுக்கோட்டையோ மட்டம் காட்டும் குமிழியையோ பார்த்துச் சரிசெய்கிறோம். பச்சிளம் குழந்தைக்கு அது 45 பாகை வரைகூட இருக்கும். ஸ்ட்ரோலர் மீது அந்தச் சாய்வு மாறிவிடலாம், அங்கே யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை.

தூங்கும் இடம் 10 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2022 முதல் குழந்தை தூங்குவதற்கென்று விற்கும் பொருள்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கார் சீட் பயணத்துக்கான சாதனம். பயணத்தில் தூங்கினால் தூங்கட்டும். போய்ச் சேர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்ற வேண்டும். தொடர்ந்து 2 மணி நேரம் என்பதை உச்ச வரம்பாக வையுங்கள், முதல் வாரங்களில் அதைவிட வெகு குறைவாக.

வீட்டுக்குள் கொண்டுவந்து ஹார்னஸைத் தளர்த்திவிட்டு "நல்லாத் தூங்கட்டும்" என்று விடுவது அதைவிட மோசம். குழந்தை கீழே சரியும், தளர்ந்த வார் கழுத்தில் ஏறும்.

அந்தத் துணியும் வேண்டாம். மெல்லியதானாலும் உள்ளே காற்றோட்டத்தைத் தடுத்துச் சூட்டை ஏற்றும், குழந்தையின் முகமும் மறைந்துவிடும்.

ஸ்ட்ரோலர் மீது மாட்டும் தட்டையான தொட்டிலான பேசினெட் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. நடக்கப் போனால் பேசினெட், காரில் சீட். அவ்வளவுதான்.

நாலுமுழம்:

தொட்டில்மணி அக்கா, துணி விஷயத்தில் நீங்க சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனா "பேசினெட் வாங்கினால் சிக்கலே இல்லை"ங்கிறதை ஒத்துக்க முடியாது.

அஞ்சு மாசக் குழந்தை ஒண்ணு பேசினெட் ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு நெஞ்சு வரைக்கும் வெளியே எட்டிப் பார்த்துட்டிருந்தது. வண்டி நிக்கலை, ஓடிட்டிருக்கு. தள்ளினவங்க கண்ணுக்குக் கேனோப்பி (மேல்மறைப்பு) மட்டும்தான் தெரிஞ்சது. பெரும்பாலான பேசினெட்ல எடை வரம்பு 9 கிலோ. அந்தக் குழந்தை 7 கிலோகூட இருக்காது. எடையைப் பார்த்தா இன்னும் இடம் இருக்கு, ஆனா காலம் முடிஞ்சுபோச்சு. தானா புரள ஆரம்பிச்சா, கையை ஊன்றி எழும்பினா, உக்காரப் பார்த்தா, இதில் எது முதல்ல வருதோ அன்னைக்கே நிறுத்தணும். சில குழந்தைக்கு அது நாலாம் மாசமே வந்துடும்.

அதோட, பேசினெட் மெத்தை கெட்டியா இருக்கேன்னு மேல இன்னொரு மெத்தை போடுறாங்க. கெட்டியா இருக்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. கூட ஒண்ணு போட்டா ஓரத்தில் இடுக்கு விழும், பக்கச்சுவரோட உயரமும் குறையும். ராத்திரி முழுக்கத் தூங்கவைக்கலாம்னு எல்லாப் பேசினெட்டுக்கும் அனுமதி கிடையாது, கையேட்டில் அதுக்குன்னு தனியா எழுதியிருக்கணும்.

டிக்கிஅளவு:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மேலே உள்ளதில் பாதி, வாங்கும் வரிசை தப்பானதால் வருகிறது. பொதுவாக முதலில் ஸ்ட்ரோலரின் நிறம், அப்புறம் அதோடு வருகிற சீட், கடைசியில் கார். பார்க்கிங்கில் ஒருவர் புது ஸ்ட்ரோலரின் பின்சக்கரம் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்படியும் டிக்கி மூடவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான்.

காரிலிருந்து தொடங்குங்கள். இருக்கை மடிப்பில் விரலை விட்டு ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 28 செ.மீ. இருக்கும். நடு இருக்கையில் பெரும்பாலும் கம்பி இருக்காது. ஓரக் கம்பியில் ஒன்றை அந்தப் பக்கம் ஒன்றை இந்தப் பக்கம் என்று எடுத்து நடுவில் மாட்டக் கூடாது, கார் நிறுவனம், சீட் நிறுவனம் இரண்டும் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய. அடுத்து, பேஸோடு சேர்த்துச் சீட்டை வைத்து முன்னிருக்கையைப் பார்க்க வேண்டும். பின்னோக்கிய சீட் நீளத்தை விழுங்கும். உயரமான ஓட்டுநரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். முன்னிருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது.

இறுக்கம்: பெல்ட்டோ கொக்கியோ செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து அசைக்காதீர்கள், அது அசையத்தான் செய்யும். பெல்ட், ஐசோஃபிக்ஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கையேடு சொன்னாலொழிய ஏதாவது ஒன்றுதான்.

ஸ்டிக்கரைப் படியுங்கள். ஐரோப்பிய முறையில் பழைய பாதுகாப்பு விதியான ஆர்44 எடையை வைத்துப் பிரித்தது, 0+ பிரிவு என்றால் 13 கிலோ வரை. 2013இல் வந்த ஆர்129 உயரத்தை வைத்துச் சொல்கிறது. 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்பதும் அதில் கட்டாயம். எந்த முறையானாலும் எடை வரம்புக்கு முன்பே தலை சீட்டின் மேல்விளிம்பை நெருங்கிவிடுவது சகஜம். அமெரிக்க மாடல்களில் பெரும்பாலும் விளிம்புக்குக் கீழே 2.5 செ.மீ. மிச்சமிருக்க வேண்டும். கால் பின்னிருக்கையில் இடித்து மடங்குவதை வைத்து மட்டும் சீட் சிறுத்துவிட்டது என்று முடிவுசெய்ய வேண்டாம்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் அந்தச் சீட்டுக்கு எந்த அடாப்டர், அந்த அடாப்டர் எந்த ஃபிரேமுக்கு என்று தேட வேண்டும். மாடல் பெயரின் கடைசி எண் வரை பொருந்த வேண்டும். நிறுவனம் ஒன்றுதானே என்று எடுத்தால் பொருந்தாமல் போகும். பிறகு ஃபிரேமை மடித்து, சக்கரத்தோடு நீளம், அகலம், உயரம் அளந்து டிக்கி வாயோடு ஒப்பிடுங்கள். உள்ளே இடம் இருந்தும் வாய் குறுகலாக இருப்பதுண்டு. கடைசியாக எடை: கைக்குழந்தை சீட் தனியாகவே 4 கிலோவை ஒட்டி வரும், ஆறு கிலோ குழந்தையோடு ஒரு கையில் 10 கிலோ. மாடிப்படி இருந்தால் இந்த எண்தான் தீர்மானிக்கும்.

வார்ப்பூட்டு:

பஞ்சு வைத்த குளிர்கோட்டோடு குழந்தையைச் சீட்டில் வைத்து ஹார்னஸை இறுக்கியிருந்தார்கள். பார்க்கக் கச்சிதம். வாரின் நீளத்தை மாற்றாமல் குழந்தையை எடுத்து, கோட்டைக் கழற்றி, மறுபடி வைத்துப் பூட்டியதும் தோளுக்கும் வாருக்கும் நடுவே என் முஷ்டி முழுதாகப் போனது. மோதலில் பஞ்சு நசுங்கிவிடும், மிஞ்சுவது அந்த இடைவெளிதான்.

மெல்லிய உடை, அதன் மேல் ஹார்னஸ், அதற்கும் மேல் போர்வை. தோளெலும்பு அருகே வாரை நெடுக்குவாக்கில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்குள் வந்தால் தளர்வு. விரல் வழுக்கினால் சரி. பின்னோக்கிய சீட்டில் வார் வெளிவரும் துளை தோள்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். நெஞ்சுக் கிளிப் உள்ள மாடலில் கிளிப் அக்குள் மட்டம், வயிற்றில் அல்ல.

துளை மாற்றும்போது சீட்டின் பின்புறம் உலோகத் தகட்டில் இரு வாரும் முழுமையாக மாட்டியிருக்கிறதா, எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். வாரை மெஷினில் போட்டுத் துவைக்காதீர்கள், ஈரத்துணியில் மென்மையான சோப்பு போதும். பூட்டு சிக்கினால் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம். சீட்டோடு வராத தலையணை, வார் உறை எதையும் சேர்க்காதீர்கள். எத்தனை அழகாக இருந்தாலும் அது அந்தச் சீட்டோடு சோதிக்கப்பட்டதல்ல.

பழையவண்டி:

செகண்ட்ஹேண்ட் பற்றி யாரும் சொல்லலையே. ஸ்ட்ரோலர் ஃபிரேம் வாங்கலாம். மடக்குப் பூட்டு, பிரேக், சக்கர ஆட்டம் பார்த்தா போதும். கார் சீட் அப்படி இல்லை. சுத்தமா துவைச்ச ஒரு சீட்டோட துணியைக் கழட்டினா, உள்ளே பிளாஸ்டிக் ஓட்டில் வெள்ளையா ஒரு கோடு. பிளாஸ்டிக் வளைஞ்சு நிமிர்ந்த தழும்பு. துணி போட்டா யாருக்கும் தெரியாது. ஓட்டோட அடியில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும், பல சீட்டில் காலாவதித் தேதியும் இருக்கும். சீட்டோட வரலாறு தெரியலைன்னா வாங்காதீங்க.

ஊன்றுகோல்:

பழையவண்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விபத்தில் சிக்கிய சீட் எல்லாமே குப்பைக்கு என்று பலர் சொல்வது முழு உண்மை அல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு மோதலுக்கு ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வண்டியை அங்கிருந்து ஓட்டிச் செல்ல முடிந்தது, சீட்டுக்கு அருகிலுள்ள கதவுக்குச் சேதமில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் பொருந்தினால் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை.

பழையவண்டி:

அது உங்க கண்ணு முன்னாடி நடந்த மோதலுக்குச் சரி, தோழர். விக்கிறவர் வாயால் சொல்ற அஞ்சு நிபந்தனையை எப்படி நம்புறது? அதோட, பல சீட் நிறுவனங்கள் சின்ன மோதலானாலும் மாத்தச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதுறாங்க. அப்படி எழுதியிருந்தா அதுதான் கணக்கு.

ஊன்றுகோல்:

கையேடு மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும், அதில் மறுபேச்சில்லை.

சக்கரக்கால்:

எல்லாருக்கும் நன்றி. போர்வை மட்டும்தான் காரணமான்னு ஒருத்தர் தனியா கேட்டார், அதுக்கு இங்கயே பதில். குழிக்குள்ள மணலும் நூல்பிசிறும் சேர்ந்தாலும் கொக்கி முழுசா இறங்காது. காய்ஞ்ச பழைய பல் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒரு தரம் தேச்சு, வண்டியைக் கவுத்துத் தட்டிடுங்க. விடுவிக்கிற பட்டனை அமுக்கி விட்டா ஸ்பிரிங் தானா துள்ளி வெளியே வரணும். மெதுவா ஊர்ந்து வந்தா அடியில் இன்னும் மணல் இருக்கு.

கைப்பையை வண்டி தள்ளுற கைப்பிடியில் தொங்கவிடாதீங்க. குழந்தை இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, சீட்டைத் தூக்கின நிமிஷம் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால சாயும். பிரேக்கை மிதிச்சதும் அரை அடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. பிரேக் ஊசி சக்கரத்தோட பல்லுக்குள்ள விழாம பல்லுமேல நின்னா சரிவில் வண்டி கொஞ்சம் உருண்டுதான் பிடிக்கும்.