ஒசாகாவில குஷிகட்சு: அம்மாவை நம்பிக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

உப்புவெளியாள்:
தம்பி ஒசாகாவில படிக்கிறான். வாற மாதம் அம்மாவோட போறன். ஷின்செகாய் பக்கம் குஷிகட்சு சாப்பிடக் கூட்டிக்கொண்டு போறானாம். இறைச்சி, மீன், மரக்கறித் துண்டுகளைக் குச்சியில குத்தி, மாவில தோய்ச்சு, பாண் தூள் பிரட்டிப் பொரிக்கிறதாம். அம்மா மாடு தொடமாட்டா. மீன், இறால் சாப்பிடுவா, வெள்ளிக்கிழமை மரக்கறி. "எல்லாரும் ஒரே சோஸ் சட்டிக்குள்ள தோய்க்கிறதாம்" எண்டு அவன் சொன்னதில இருந்து முகத்தைச் சுழிக்கிறா. போன ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

திருக்கடலூரான்:
தங்கச்சி, நான் அங்க மூண்டு வருசம் வேலை செய்தனான். சோஸுக்குப் பயப்பிடாதேங்கோ. அவைக்கும் எச்சில் எச்சில்தான். கடிச்ச குச்சியைத் திரும்பத் தோய்க்கக் கூடாதெண்டு சுவரில எழுதி ஒட்டியிருப்பினம். வாயில வைக்க முதல் ஒருக்கா முழுசாத் தோய்ச்சு எடுக்கிறது, அவ்வளவுதான். காணாட்டி பச்சைக் கோவா இலை வைச்சிருப்பினம், அதால அள்ளி விடலாம். கொரோனாவுக்குப் பிறகு கனக்கக் கடையில சட்டியே இல்லை, போத்தல்தான்.

யோசிக்க வேண்டியது எண்ணெயை. சில கடையில மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்புச் சேர்த்துப் பொரிப்பினம். மற்றது, "நிகு" எண்டால் இறைச்சி, ஆனால் ஒசாகாவில சும்மா "நிகு" எண்டால் மாடு. மெனுவில வெறும் "குஷிகட்சு" எண்டு கிடந்தாலும் அநேகமா அதுதான். நான் முதல்நாள் பன்றி எண்டு நினைச்சு நாலு குச்சி முடிச்சாப் பிறகுதான் கூட வந்தவன் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான். ஊரில இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. எண்ணெயில "கியூஷி" (மாட்டுக்கொழுப்பு) இருக்கோ எண்டு தம்பியைக் கொண்டு உள்ளுக்குப் போக முதலே கேட்பியுங்கோ.

அம்மாவுக்கு இறால், கணவாய், கத்தரிக்காய் எடுங்கோ. கட்டாயம் "ரென்கோன்". வேற ஒண்டுமில்லை, நாங்கள் கறி வைக்கிற தாமரைக்கிழங்குதான். வட்டத்துண்டின்ர ஓட்டைக்குள்ளயும் மாவு பிடிச்சிருக்கும், கடிக்க நறுக்கெண்டும். காடைமுட்டையை மட்டும் உடன கடிக்கவேண்டாம், எனக்கு மேலண்ணம் வெந்து ரெண்டு நாள் தேத்தண்ணி குடிக்கேலாமல் போச்சு. வெறுங்குச்சியை எறியாதேங்கோ, சில இடத்தில அதை எண்ணித்தான் காசு.

வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். மாவில முட்டை இருக்கும், மரக்கறியும் இறைச்சியும் ஒரே சட்டியில.

டச்பே காத்து:
அண்ணை சொன்னதோட ஒண்டு. ஷின்செகாயில 1929இல தொடங்கின "தாருமா" கடை இப்பவும் இருக்கு. கூலிவேலை ஆக்களுக்குக் கையில பிடிச்சுச் சாப்பிடத் தொடங்கின சாப்பாடு எண்டுதான் சொல்லுவினம். எங்கட கடற்கரை இறால்வடை மாதிரி, நிண்டுகொண்டு தின்னுற சாமான். வீட்டில நான் கணவாயில செய்து பாத்தன். ரோல்ஸுக்குப் பிரட்டுற ரஸ்க் தூள் சரிவரேல்ல, கணவாய் உள்ளுக்குப் பச்சை, வெளியில கரி. பழைய பாணைக் காயவைச்சு அரைச்சு, அரிதட்டில அரிச்சுப் போட்டன், நல்லா வந்தது. சோஸுக்கு வூஸ்டர் சோஸ், கொஞ்சம் தக்காளி சோஸ், சீனி.

உப்புவெளியாள்:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன் (நாலு குச்சிக் கதையை விட்டுட்டு, அண்ணை). "எச்சில் பாக்கிற சனம் எண்டால் போவம்" எண்டா. தம்பி மேசை பிடிச்சது வெள்ளிக்கிழமைக்கு. வியாழனுக்கு மாத்தச் சொல்லி இப்பதான் மெசேஜ் போட்டன்.